முட்டை விலையை அறிவிப்பவர்களை மேற்பார்வையிடுவது யார்? கன்னியாகுமரி மாவட்டச் சிறு பண்ணையாளர்களின் கேள்வி

திருவட்டாறு பண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவட்டாற்றுக்கு அருகில் எங்கள் ரப்பர் விளையின் ஓரத்தில் கொட்டகை கட்டி ஏறத்தாழ 600 முட்டைக்கோழிகளை வளர்த்து வருகிறேன். எங்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த இன்னும் ஆறு பேர் இதே அளவிலோ இதைவிடச் சிறிய அளவிலோ கோழி வளர்க்கிறார்கள். நாங்கள் ஏழு பேரும் ஒரே வியாபாரியிடம்தான் முட்டை கொடுக்கிறோம். அவர் வாரத்தில் மூன்று நாள் வண்டியில் வந்து, தட்டுக்கு 30 என்று எண்ணி எடுத்துச் செல்கிறார். விலையைப் பற்றிக் கேட்டால் அவரிடமிருந்து கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றே: "நாமக்கல்லில் நெக் விலை இவ்வளவு, அதில் மைனஸ் இவ்வளவு, மீதி உங்களுக்கு." நாமக்கல்லில் அறிவிக்கப்படும் முட்டை விலையைத்தான் அவர் நெக் விலை என்கிறார்; மைனஸ் என்பது அதிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை. சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு முறை மைனஸ் கூடியது. ஏன் கூடியது என்று கேட்டபோது, அது நாமக்கல்லில் முடிவாகிறது, தனக்கும் காரணம் தெரியாது என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. உண்மையிலேயே அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் எங்கள் முட்டை நாமக்கல்லுக்குப் போவதே இல்லை. திருவட்டாற்றுக் கோழி இடும் முட்டை மார்த்தாண்டத்திலும் குலசேகரத்திலுமே விற்றுத் தீர்ந்துவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து வரும் முட்டைக்கு லாரி வாடகையும் உடைசல் கணக்கும் சேர்ந்த பிறகுதான் இங்கே விலை அமைகிறது. எங்கள் முட்டைக்கு அந்த வாடகைச் செலவு இல்லாதபோது, நாமக்கல் பண்ணையாளருக்குக் கிடைப்பதைவிட எங்களுக்கு ஏன் குறைவாகக் கிடைக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. தீவனத்தில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது: மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் வெளியிலிருந்து வருவதால் அவற்றின் வாடகை முழுவதும் எங்கள் தலையில் விழுகிறது.

என் கணவர் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. ரப்பர் விலை விழுந்த காலங்களில் வீட்டில் நாங்கள் பட்ட சிரமத்தை மறக்க முடியாது. ஆனாலும் ரப்பருக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஒரு வாரியம் கோட்டயத்தில் இருக்கிறது, அது நாள்தோறும் ஆர்.எஸ்.எஸ். 4 என்ற ரப்பர் ஷீட் தரத்தின் விலையை வெளியிடுகிறது, அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப முடிகிறது. முட்டைக்கு அப்படி ஏதாவது உண்டா? நெக் என்பது அரசு அமைப்பா, தனியார் அமைப்பா? அதன் விலையால் ஒருவர் பாதிக்கப்பட்டால் யாரிடம் முறையிடலாம்? நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், "முட்டைக்கும் அரசு மேற்பார்வையில் ஒரு விற்பனை வாரியம் வேண்டும்" என்று மனு கொடுக்க எங்கள் குழு எண்ணியிருக்கிறது. அப்படிக் கேட்பது எங்களுக்கு நன்மை தருமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.


தக்கலை – ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். விலையை அறிவிக்கும் அமைப்பு எது என்பது ஒன்று. அதன் மேல் அரசுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பது மற்றொன்று.

வியாபாரிகள் நெக் என்று சுருக்கிச் சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அரசு அமைப்பு அன்று. அது பண்ணையாளர்களின் அமைப்பு. 1980களின் தொடக்கத்தில் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே சரிந்து, பல பண்ணைகள் மூடப்பட்ட காலத்தில், வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த பி. வி. ராவ் ஊர் ஊராகச் சென்று பண்ணையாளர்களைத் திரட்டி 1982இல் இதை உருவாக்கினார். அறக்கட்டளையாகப் பதிவுசெய்யப்பட்ட அமைப்பு இது. அதற்கு முன்பு பெருநகரங்களின் மொத்த வியாபாரிகள் சொல்லும் விலையே விலையாக இருந்தது. 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்ற முழக்கத்தோடு பண்ணையாளர்கள் அந்தப் பிடியை உடைத்தார்கள். ஆகவே உங்கள் மனுவில் நெக் அமைப்பை எதிரியாகச் சித்திரிக்காதீர்கள். அது இல்லாதிருந்தால் மைனஸ் போடுவதற்குக்கூட ஓர் அடிப்படை விலை உங்கள் வியாபாரியிடம் இருந்திருக்காது. அவர் வாயில் வந்ததே விலையாக இருந்திருக்கும்.

இருந்தாலும் உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த அமைப்பு மண்டலவாரியாக வெளியிடுவது பரிந்துரை விலை மட்டுமே; அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று அவர்களே அறிவிக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் கட்டாயமில்லாத இந்த விலை, நடைமுறையில் நாமக்கல் முதல் களியக்காவிளை வரை ஒவ்வொரு கடையின் விலையையும் தீர்மானிக்கிறது. ஓர் அதிகாரி பிறப்பிக்கும் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். ஒரு பரிந்துரையை எதிர்த்து எங்கே முறையிடுவது? "யாரிடம் போவது" என்று நீங்கள் கேட்டதற்கு நேரான பதில், அதற்கென்று ஓர் இடம் இதுவரை அமைக்கப்படவில்லை என்பதுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இடைவெளி அப்படியே கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அரசின் கை முட்டையைத் தொடவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முட்டையின் தரமும் பாதுகாப்பும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களின்போது வண்டிகளை மறிக்கவும் கோழிகளை அழிக்கவும் விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நம் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் கால்நடைத் துறையினர் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிச் சத்துணவுக்கு அரசு வாங்கும் முட்டை, 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆக, நோய்க்கும் தரத்துக்கும் அரசுக் கொள்முதலுக்கும் கண்காணிப்பு உண்டு. அன்றாடக் கொள்முதல் விலைக்கு மட்டும்தான் கிடையாது.

கூடி விலை பேசுவதைத் தொடும் பொதுச் சட்டம் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம். ஒரே தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் கூடி விலையை நிர்ணயித்தால், அது போட்டிக்குக் கேடு விளைவிப்பதாகவே அதன் 3ஆம் பிரிவு அனுமானிக்கிறது. இந்தப் பிரிவு 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. நீங்கள் ஏழு பேர் கூடி விலை பேசுவதும், ஏழு பெரிய வியாபாரிகள் கூடி மைனஸ் பேசுவதும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே வகைக் கேள்விதான். டெல்லியிலுள்ள போட்டி ஆணையத்தில் எவரும் தகவல் அளிக்கலாம் என்றாலும், வாரம் மூன்று நாள் முட்டை விற்று வயிறு வளர்க்கும் ஒருவருக்கு அது எட்டாத தொலைவு.

இங்கே ஒரு பழைய செய்தியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மண்ணின் செய்தி. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நிறுவிய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பையும் ஏழைக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வெள்ளை லெகார்ன் இனம் அந்த வழியில்தான் இங்குள்ள வீட்டு முற்றங்களுக்கு வந்தது. வளர்ப்பதைச் சொல்லிக்கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. முட்டைகளைச் சேர்த்துத் தரம் பார்த்துக் கூட்டாக விற்கும் முறையையும் ஏற்படுத்தினார்கள். தேன் விற்பனை பின்னாளில் கூட்டுறவுச் சங்கமாக நிலைத்தது. முட்டை விற்பனை அப்படி வேரூன்றவில்லை. உங்கள் குழு இப்போது நிற்கும் இடம், அந்தப் பாதை நின்றுபோன இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் ஒரு முட்டை விற்பனைச் சங்கம் பதிவானால், ஆண்டுதோறும் தணிக்கை நடக்கும், உறுப்பினர்களின் பேரவை கூடும், புகார் எழுந்தால் 81ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடக்கும். நான் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அது என்பதால் அதன் குறைகளையும் அறிவேன்: தேர்தல் நடக்காமல் தனி அலுவலரிடம் பல ஆண்டுகள் கிடந்த சங்கங்களின் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆயினும் கணக்கைக் கேட்கும் உரிமை உறுப்பினருக்குச் சட்டத்தாலேயே கிடைக்கும் அமைப்பு அது.


வடசேரி – முட்டை மொத்த வியாபாரி எழுதியது:

ஐயா சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வியாபாரத்தின் பக்கம் நின்று நான் சில விவரங்களை எழுதுகிறேன். சகோதரி வருத்தப்படாமல் படிக்க வேண்டும்.

மைனஸ் என்பது இங்குள்ள வியாபாரி கண்டுபிடித்த சொல் அன்று. நாமக்கல் பண்ணையிலேயே, அறிவித்த விலைக்குக் கீழே இத்தனை காசு கழித்து எடுப்பது பல காலமாக நடக்கிறது. முட்டை தேங்கினால் மைனஸ் கூடும், தட்டுப்பாடு வந்தால் குறையும், சில வேளைகளில் இல்லாமலும் போகும். முட்டை அழுகும் பொருள். சபரிமலைக்கு மாலை போடும் காலத்தில் நம் பகுதியிலும் கேரளத்திலும் பல வீடுகளில் முட்டை வாங்குவது நின்றுவிடும். கோழி அதற்காக முட்டையிடுவதை நிறுத்தாது. அந்த நாள்களில் அறிவித்த விலையிலேயே எடுத்தால் மண்டியை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் சகோதரியின் வாடகைக் கணக்கு சரியானது. உள்ளூர் முட்டைக்கு லாரி வாடகை இல்லை என்பதால் அதற்கு நாமக்கல் விலையை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ கிடைப்பதே நியாயம். அது கிடைக்காமல் போவதற்கு நான் கண்ட காரணம் அளவு. உள்ளூர்த் தட்டில் 40 கிராம் முட்டையும் 60 கிராம் முட்டையும் கலந்தே வருகின்றன. அரசின் அக்மார்க் தர விதிப்படி 38 முதல் 44 கிராம் வரை சிறியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 53 முதல் 59 வரை பெரியது, 60உம் அதற்கு மேலும் மிகப் பெரியது. இப்படிப் பிரித்துக் கொடுத்தால் பேக்கரிக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று என்று அந்தந்த விலைக்கு என்னால் விற்க முடியும். கலந்து வந்தால் வியாபாரி மிகச் சிறிய முட்டையை மனத்தில் வைத்தே விலை சொல்வார். இது ஏமாற்று என்று சிலர் சொல்லலாம். எடை போடாத இடத்தில் ஐயம் எப்போதும் விற்பவருக்கு எதிராகவே தீர்க்கப்படுகிறது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அரசே விலையை நிர்ணயிக்க வேண்டும் என்று மனுவில் எழுதாதீர்கள். கடலுக்கு அப்பால் இலங்கையில் 2022இல் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், பழுப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று அவர்களுடைய நாணயத்தில் உச்ச விலை விதித்தார்கள். தீவனச் செலவு அதற்குள் அடங்காததால் கடைகளில் முட்டை கிடைப்பதே அரிதானது. மறு ஆண்டு அந்த நாடு இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்ய நேர்ந்தது.


கருங்கல் – ஒன்டாரியோ எழுதியது:

நான் கருங்கலில் பிறந்தவன். இப்போது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் முட்டை தரம்பிரிக்கும் நிலையம் ஒன்றில் பணிபுரிகிறேன். சகோதரி கேட்கும் 'அரசு மேற்பார்வையில் விற்பனை வாரியம்' என்பது உலகில் மிக முழுமையாக இருக்கும் இடங்களில் இது ஒன்று. அதன் நன்மையையும் சுமையையும் அருகிலிருந்து பார்ப்பதால், சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

இங்கே வாரியங்கள் பிறந்ததே ஒரு சண்டையில்தான். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கியூபெக் மாகாணம் ஒன்டாரியோ முட்டை உள்ளே வருவதைத் தடுத்தது. கியூபெக் கோழிகளை மற்ற மாகாணங்கள் தடுத்தன. 'கோழி–முட்டைப் போர்' என்றே அதற்குப் பெயர் வந்தது. இந்தத் தடைகள் செல்லுமா என்று பார்ப்பதற்காகவே மானிடோபா அரசு ஒரு வழக்கை உருவாக்கிக் கொண்டுபோனது. மாகாணங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்த மாகாண வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1971இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகுதான் மத்திய அரசு 1972இல் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் கனடிய முட்டை விற்பனை முகமை அமைந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அதே சட்டம் முகமையை உருவாக்க வழிசெய்தபோதே, அதன் மேல் ஒரு மேற்பார்வைக் குழுவையும் உருவாக்கியது. பண்ணையாளர்கள் நடத்தும் முகமை தன் உறுப்பினர்களிடம் கட்டணம் வசூலிக்கவோ யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்ற ஒதுக்கீட்டை மாற்றவோ விரும்பினால், அந்தக் குழு ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதன் உறுப்பினர்களை அரசு நியமிக்கிறது; அவர்களில் பாதிப் பேராவது விவசாயிகளாக இருக்க வேண்டும். மாகாணங்களிலும் இதே ஏற்பாடு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் முட்டை வாரியத்தின் ஆணையால் பாதிக்கப்பட்ட எவரும் அங்குள்ள பண்ணைத் தொழில் மறுஆய்வு வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். ஒன்டாரியோவில் மேற்பார்வைக்கு ஓர் ஆணையமும் மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயமும் இருக்கின்றன. விலையை வாரியம் அறிவித்தாலும், உற்பத்திச் செலவை அளந்து கணக்கிட்ட வாய்ப்பாடு அதற்கு அடிப்படையாக இருக்கிறது. தீவனம் ஏறினால் விலை ஏன் ஏறியது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். தக்கலை ஐயா குறிப்பிட்ட இடைவெளி இங்கே இப்படித்தான் அடைக்கப்பட்டிருக்கிறது.

மேற்பார்வை இருந்ததாலேயே எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. முகமை தொடங்கிய இரண்டாவது ஆண்டில், 1974இல், விலையைக் காப்பதற்காகச் சேமித்துவைத்த முட்டைகளில் 2 கோடியே 80 லட்சம் கெட்டுப்போயின. மக்கள் கொதித்தார்கள், நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது, வேளாண் அமைச்சர் யூஜின் வீலன் பெரும் கண்டனத்துக்கு உள்ளானார். மேற்பார்வைக் குழுவின் ஒப்புதல் வெறும் முத்திரையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதை இன்றும் இங்கே எடுத்துக்காட்டுவார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகே ஒதுக்கீடும் இருப்புக் கணக்கும் இறுகின.

இனிச் சுமையைச் சொல்கிறேன். ஒன்டாரியோவில் ஒதுக்கீடு இல்லாமல் ஒருவர் 99 முட்டைக்கோழிகள் வரை மட்டுமே வளர்க்கலாம். 600 கோழிகள் வைத்திருக்கும் சகோதரி இங்கே இருந்திருந்தால், ஒதுக்கீடு வாங்காமல் அவற்றை வளர்ப்பதே விதிமீறல் ஆகியிருக்கும். ஒரு கோழிக்கான ஒதுக்கீட்டின் விலை நூற்றுக்கணக்கான டாலர். அது கோழியின் விலையைப் பல மடங்கு மிஞ்சுகிறது. அப்பாவிடம் ஒதுக்கீடு இருந்தவர்களுக்கே இந்தத் தொழில் எளிதாகிறது. மேலும், வெளிநாட்டு முட்டை குறிப்பிட்ட அளவைத் தாண்டி வந்தால் 163.5 விழுக்காடு வரி விதித்துத் தடுப்பதால்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. நம் மாவட்டம் நாமக்கல் லாரிக்கு ஆரல்வாய்மொழியில் வரி விதிக்க முடியுமா? ஒரே மாநிலத்துக்குள் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாநிலங்களுக்கு இடையிலும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு. எல்லையை அடைக்க முடியாத இடத்தில் ஒதுக்கீட்டு வாரியம் ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதைப் போன்றது.

பிரிட்டன் அந்தப் பாடத்தைக் கற்றது. 1957இல் சிங்க முத்திரை குத்தி முட்டை விற்கத் தொடங்கிய அந்நாட்டு வாரியம், பெரிய பண்ணைகள் அதைச் சுற்றிக்கொண்டு நேரடியாக விற்கத் தலைப்பட்டதால் வலுவிழந்து 1971இல் கலைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1989இல் ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டபோது, ஒதுக்கீடு வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே என் கருத்து இது. கனடாவிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது ஒதுக்கீடு அன்று. விலை எப்படி வந்தது என்பதைக் காட்டும் கடமையும், அதைக் கேள்வி கேட்க ஒரு மேடையும்தான். இவை இரண்டுக்கும் எல்லையை அடைக்க வேண்டியதில்லை.


அருமனை – பிராய்லர் கொட்டகை எழுதியது:

முட்டையைப் பற்றிய பேச்சில் கறிக்கோழியைச் சேர்ப்பதற்கு மன்னிக்கவும். எங்கள் நிலையும் இதோடு தொடர்புடையது. நான் ஒரு நிறுவனத்துக்காக ஒப்பந்த முறையில் பிராய்லர் வளர்க்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து அனைத்தும் அவர்களுடையவை; கொட்டகை, மின்சாரம், உழைப்பு, தேங்காய்நார்த் தூள் ஆகியவை என்னுடையவை. பல்லடத்திலுள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு உயிர்க்கோழி விலையை அறிவிக்கிறது; எனக்குக் கிடைப்பதோ கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. குஞ்சு தரமில்லாமல் வந்து இறப்பு கூடினாலும், தீவனம் தின்ற அளவுக்கு எடை ஏறவில்லை என்று கூலியில்தான் பிடிப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு தொகுதிக் கோழிகளில் எனக்கு அப்படிப் பெரிய இழப்பு ஏற்பட்டது. குஞ்சின் தரத்தை அளந்து சொல்ல மூன்றாவது ஆள் ஒருவரும் இல்லை.

தமிழ்நாடு 2019இல் வேளாண் விளைபொருள் மற்றும் கால்நடை ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தை இயற்றியபோது, இத்தகைய தனிச்சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் என்று செய்தித்தாள்களில் படித்து மகிழ்ந்தோம். ஒப்பந்தத்தைப் பதிவுசெய்தால்தானே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும்? என் கையில் இருப்பது நிறுவனம் அச்சடித்த தாள். அதில் என் கையொப்பம் இருக்கிறது, படி எனக்குத் தரப்படவில்லை. முட்டைக்கு மனு எழுதும்போது, ஒப்பந்தப் படியை வளர்ப்பவருக்குக் கொடுப்பதைக் கட்டாயமாக்கிக் கண்காணிக்க வேண்டும் என்ற ஒரு வரியை எங்களுக்காகவும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.


திருவட்டாறு பண்ணை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வாரியம் வந்தால் எங்கள் துன்பம் தீரும் என்று நம்பியிருந்தேன். 99 கோழிகளுக்கு மேல் வளர்க்க ஒதுக்கீடு வாங்க வேண்டும் என்பதைப் படித்ததும் எங்கள் குழுவினர் திகைத்துவிட்டார்கள். எங்களில் ஒருவர், "அப்படியானால் வாரியமும் பெரியவர்களுக்குத்தானா?" என்று கேட்டார்.

வடசேரி அண்ணன் சொன்னது உறைத்தது. எங்கள் வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தும் முட்டையை ஒருநாளும் அதில் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் தரம் பிரித்த பிறகும் விலையை அவரே சொல்வாரானால் என்ன செய்வது? சத்துணவுக்கு எங்கள் முட்டையைக் கொடுக்க வழி உண்டா என்பதையும் ஐயா விளக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை போகிறதே. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் முட்டை வெளியூரிலிருந்தே வருகிறது.


தக்கலை – ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் எழுதியது:

சத்துணவு முட்டைக்கு மாநில அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010 முதல் வாரம் ஐந்து என்று வளர்ந்த திட்டம் அது. கோடிக்கணக்கில் முட்டை கொடுக்கக்கூடிய நிறுவனமே அந்த ஒப்பந்தத்தில் கலந்துகொள்ள முடியும். ஏழு வீடுகளின் முட்டை அதில் நுழைய வேண்டுமானால், ஒவ்வொரு மாவட்டத் தேவையிலும் ஒரு சிறு பகுதியை உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஒதுக்கும்படி அரசுதான் விதியை மாற்ற வேண்டும். அதைக் கேட்பதில் தவறில்லை, கேளுங்கள். நம் எல்லைக்கு அப்பால் கேரளம் 1989இலேயே கோழி வளர்ச்சிக் கழகம் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் அமைத்துச் சிறு வளர்ப்பாளர்களோடு வேலை செய்து வருகிறது என்பதையும் மனுவில் குறிப்பிடலாம்.

விலையை யார் சொல்வது என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வடசேரி உழவர் சந்தையில் காலையில் காய்கறி விலையைப் பலகையில் எழுதுகிறார்களே, அதை யாரோ ஒருவர் தம் விருப்பப்படி எழுதுவதில்லை. மொத்த விலையையும் சில்லறை விலையையும் பார்த்து, அதிகாரிகளும் உழவர்களும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள்; எப்படி வந்தது என்று அங்கேயே கேட்கலாம். நாமக்கல் அறிவிப்பு விலை, அங்கிருந்து இங்கு வரும் வாடகை, நாகர்கோவில் மொத்த விலை ஆகிய மூன்றையும் தரவாரியாக அதே பலகையில் வாரம் மூன்று நாள் எழுதினால் போதும், உங்கள் வியாபாரியிடம் நீங்கள் வெறுங்கையோடு பேச வேண்டியதில்லை. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கால்நடைப் பராமரிப்புத் துறையும் வேளாண் வணிகத் துறையும் இணைந்து செய்ய மாவட்ட ஆட்சியரின் உத்தரவு ஒன்றே போதும் என்று கருதுகிறேன். மனுவின் முதல் கோரிக்கையாக இதை வையுங்கள். விலையை அறிவிக்கும் தனியார் அமைப்புகள் எந்தக் கணக்கின்படி அறிவிக்கின்றன என்பதை வெளியிடவும், வளர்ப்பவரின் முறையீட்டைக் கேட்கவும் மாநில அளவில் ஒரு குழு வேண்டும் என்பதை இரண்டாவதாக வையுங்கள். அது மாவட்டத்தில் முடியாது, சென்னைக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். அருமனை நண்பரின் கோரிக்கையைத் தனி மனுவாகக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் அதைப் பார்க்கும் அதிகாரி வேறு.

மனுவோடு எண்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரிப் பதிலோடு கோப்பு மூடப்படும்.


திருவட்டாறு பண்ணை எழுதியது:

அப்படியே செய்கிறோம், ஐயா. நாளை காலை முதல் ஏழு வீட்டு முட்டைகளையும் எடைபோட்டு நான்கு தரமாகப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுதப்போகிறோம். வியாபாரி சொல்லும் நெக் விலையையும் மைனஸையும் தேதியோடு பக்கத்தில் எழுதி, அவரிடமே கையொப்பம் கேட்பதாக முடிவுசெய்திருக்கிறோம். நாமக்கல்லிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு முட்டைக்கு வாடகையும் உடைசலும் எவ்வளவு ஆகிறது என்பதை வடசேரி அண்ணன் மட்டும் எழுதிக்கொடுத்தால் கணக்கு முழுமையாகும். இரண்டு வாரக் கணக்கு சேர்ந்ததும் மனுவின் வரைவோடு இங்கேயே பதிவிடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.